கைகொடுக்கும் வரிசை

கெயிலின் கையைப் பிடித்த டோரீன் அதை விடுவதாக இல்லை. ஒரு கையால் பிடித்து மறு கையால் தட்டிக்கொடுத்தபடியே, நெடுஞ்சாலையில் பனி எப்படி உறைந்து கிடக்கிறது, எந்த வளைவில் கார் வழுக்கப் பார்த்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டிலும் வானிலையைப் பேசாமல் இருக்க முடியாத ஊர் அது. அயோவாவில் டிசம்பர் மாதத்தில் வேறு எதைத்தான் பேசுவது என்றும் கேட்கலாம். போகிற போக்கில் டோரீன் சவப்பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்து, "தூங்கற மாதிரியேதான் இருக்கான் கெயில்" என்றாள். கெயில் தலையாட்டினாள். மகன் நோலன் தூங்கினால் வாய் பிளந்திருக்கும், ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும். இப்படி வாயை மூடி, கையை மார்பில் வைத்துக்கொண்டு அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை.

டோரீனின் கை அடுத்து நின்ற கெயிலின் கணவன் கர்ட்டிஸிடம் போனது. "வந்ததுக்கு நன்றி" என்றான் கர்ட்டிஸ்.

மத்தியானத்திலிருந்து எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். தானியக் கிடங்கில் லாரிக்காரர்களுக்கு ரசீது கிழித்துக் கொடுக்கிற அதே குரல். கையைப் பிடிப்பான், ஒரு குலுக்கு, வந்ததுக்கு நன்றி, கண் அடுத்த ஆள் மேல் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நோலனைத் தூக்கி வளர்த்த ஆசிரியைக்கும் அதுதான், தெருமுனை பெட்ரோல் பங்க்காரனுக்கும் அதுதான். இரண்டாவதாக ஒரு வாக்கியம் பேசினால் அவன் உடைந்துவிடுவான் என்று கெயிலுக்குத் தெரியும். அதனால் அவள் அவனைக் குறை சொல்லவில்லை.

இறுதிச் சடங்கு நடத்தும் ஃபியூனரல் ஹோமின் கூடத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. முதலில் தாய், பிறகு தகப்பன், அதற்கப்புறம் திறந்த பெட்டி. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டே நகர்ந்து, பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்று, பின்பக்கமாகப் போய்க் காப்பி குடித்தார்கள். தாய்க்குப் பக்கத்தில் மகள் டெஸ் நின்றிருக்க வேண்டும். அவள் பனி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுப் பெண், அண்ணனைப் பறிகொடுத்தவள், அவளை யார் அதட்டுவது என்று ஊர் விட்டுவிட்டது.

அப்போதுதான் கெயில் வாசலில் மைக்காவைப் பார்த்தாள். கல்லூரியில் நோலனோடு ஒரே அறையில் இருந்தவன். கை எட்டாத பழைய கோட்டு, பனியில் நனைந்த ஷூ. நெப்ராஸ்காவிலிருந்து தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரிசையின் கடைசியில் போய் ஒழுங்காக நின்றுகொண்டான்.

கெயில் ஓரக்கண்ணால் கர்ட்டிஸைப் பார்த்தாள். அன்று காலையில்தான் கர்ட்டிஸ் கண்ணாடி முன்னால் டையை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சொன்னான். "அந்தப் பய மட்டும் உள்ள கால் வச்சான்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்." நோலனின் ரத்தத்தில் என்ன மாத்திரை கலந்திருந்தது என்று பரிசோதித்தவர்கள் சொன்ன நாளிலிருந்து கர்ட்டிஸுக்கு ஒரே கேள்விதான்: யார் கொடுத்தது? கூட இருந்தவனைத் தவிர வேறு யார்? கல்லூரியும் மைக்காவைத்தான் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தது. அவன் வாயே திறக்கவில்லையாம். தப்புப் பண்ணாதவன் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று கர்ட்டிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டான்.

யார் கொடுத்தது என்று கெயிலுக்குத் தெரியும்.

பரீட்சைக்கு முன்பு நோலன் போன் செய்திருந்தான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவன். இந்த முறையும் போனால் உதவித்தொகை போய்விடும், மருத்துவப் படிப்பு என்ற பேச்சே இருக்காது. "எல்லாருந்தான் மாத்திரை போடறாங்கம்மா. லைப்ரரில மிட்டாய் மாதிரி கை மாறுது. அவனுங்க விடிய விடிய முழிச்சிருந்து படிக்கறானுங்க, நான் மட்டும் புஸ்தகத்து மேல கவுந்து கெடக்கறேன்" என்றான். கெயில் வைதாள். சரி விடும்மா, நான் எவன்கிட்டயாவது வாங்கிக்கறேன் என்றான்.

அந்த வார்த்தைதான் அவளைப் பிடித்து உலுக்கியது. அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அப்போது எல்லோரும் பக்கத்து ஊர்ப் பையனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். படிப்பதற்கென்று யாரிடமோ மாத்திரை வாங்கி, அது போலி மாத்திரையாக, விஷ மாத்திரையாக இருந்து, விடிந்து பார்த்தால் பிள்ளை விறைத்துக் கிடந்தானாம். கெயில் அன்று சாப்பிடவில்லை. இரவில் ஸ்டூலைப் போட்டு ஏறி, பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் அலமாரியைத் திறந்தாள்.

டெஸ்ஸுக்குக் கவனம் நிற்பதில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் அங்கே இருந்தன. பள்ளி இல்லாத சனி, ஞாயிறுகளில் டெஸ் அதைப் போடமாட்டாள். பசியே எடுக்க மாட்டேன் என்கிறது என்பாள். டாக்டரும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார். அப்படி மிஞ்சியதைத் தூக்கிப்போட மனமில்லாமல் கெயில் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றை ஒரு காலி வைட்டமின் பாட்டிலில் கொட்டினாள். பரீட்சை நேரத்தில் எல்லாத் தாய்களும் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி அனுப்புவார்கள், அவளும் அனுப்பினாள்: ஓட்ஸ் குக்கீ, கம்பளிக் காலுறை, சோளப்பொரி, அடியில் அந்தப் பாட்டில். பரீட்சை முடிகிறவரைக்கும்தான், பாதி பாதியாகத்தான், வயிறு காயாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். எவனோ ஒருவன் கையிலிருந்து போவதற்கு அம்மா கையிலிருந்து போகட்டும். மருந்துக் கடையில் வாங்கிய அசல் மாத்திரைதானே என்று நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு ஆறவே இல்லை.

டெஸ்ஸுக்கு எழுதிக்கொடுக்கும் முன்பு டாக்டர் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். மகளின் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கெயில் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். நோலனின் நெஞ்சை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறவியிலேயே தடித்துப்போன இதயம், அந்த மாதிரி மாத்திரையைத் தாங்காது என்று அவன் செத்த பிறகுதான் சொன்னார்கள். நாள் கணக்கில் தூங்காமல், டப்பா டப்பாவாக எனர்ஜி பானம் வேறு குடித்து, பரீட்சையை எழுதி முடித்துவிட்டு வெளியே வந்தவன் படிக்கட்டில் பனி மேல் விழுந்தான். மறுநாள் அவனுடைய போனுக்கு மார்க் வந்தது. பாஸ். போன் கெயிலின் கைப்பையில் இருந்தது.

வீட்டில் டெஸ் ஒருத்தி மட்டும் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்த அலமாரியைத் திறந்து பார்த்தாள். மிஞ்சிய மாத்திரைகள் அங்கே இல்லை. அதிலிருந்து அம்மா பக்கத்தில் அவள் நிற்பதில்லை.

வரிசை நகர்ந்தது. துக்க வீட்டுக்கென்று உருளைக்கிழங்கு கேசரோல் சமைத்துக் கொண்டுவந்தவர்கள், பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டியிருக்கிறது, திருப்பிக் கொடுக்க அவசரமில்லை என்றார்கள். போதகர் வந்து தோளைத் தொட்டார். ஒவ்வொரு கையாகக் குலுக்கக் குலுக்க மைக்கா நெருங்கி வந்துகொண்டிருந்தான். கர்ட்டிஸ் இன்னும் அவனைப் பார்க்கவில்லை.

மைக்கா கை கொடுக்கவில்லை. குனிந்து அவளைக் கட்டிக்கொண்டான். போன நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். குக்கீயில் பாதி அவனுக்கு என்று சொல்லித்தான் அவள் அந்தப் பெட்டியையே அனுப்பினாள். இரண்டு பேருமாகத்தான் அதைப் பிரித்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, அந்தப் பாட்டில நான் அன்னைக்கே எடுத்துத் தூரப் போட்டுட்டேன்" என்று அவள் காதுக்குள் சொன்னான். "யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீங்க பயப்படாதீங்க."

கெயில் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன என்ன பண்ணுவாங்க?"

"காலேஜ விட்டு அனுப்பிருவாங்க. போனாப் போவுது. எங்கப்பாவும் லாரி ஓட்ட ஆள் வேணும்னாரு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. நிமிர்ந்து, ஓர் அடி நகர்ந்து, கர்ட்டிஸிடம் கையை நீட்டினான்.

கர்ட்டிஸ் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். தன் கை இரண்டையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எம்மவனுக்கும் இப்படித்தான் நீட்டுனியா?"

சத்தம் போடவில்லை. ஆனால் பின்னால் நின்றவர்களின் வானிலைப் பேச்சு நின்றுவிட்டது. மைக்காவின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்று கீழே இறங்கியது. அவன் கெயிலை ஒரே ஒரு முறை பார்த்தான். எதையும் கேட்கிற பார்வை இல்லை அது. பெட்டிப் பக்கம்கூடப் போகாமல் திரும்பி, வரிசைக்கு எதிராக, எல்லோர் முகத்தையும் கடந்து வாசலைப் பார்த்து நடந்தான்.

அடுத்து பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹார்லன் தன் பெரிய கையை நீட்டினார். கெயில் குலுக்கினாள். அவருக்குப் பின்னால் வந்த பெண்ணின் கையையும் குலுக்கினாள். இப்படியே நின்றுவிடலாம். நாளைக்கு மண் போட்டு மூடிவிடுவார்கள். பாட்டில் இல்லை, பையன் சொல்லமாட்டான், கர்ட்டிஸுக்கும் வெறுக்க ஒருவன் கிடைத்துவிட்டான். அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நிற்கிறான், அதையும் பிடுங்கினால் விழுந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. விழுந்துவிடுவோம் என்று அவள் பயந்தது தனக்காகத்தான்.

டெஸ் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெயில் வரிசையை விட்டு வெளியே வந்தாள். கோட்டுகூட மாட்டாமல் வாசலைத் தாண்டினாள். மைக்கா கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள வா."

"வேணாம் ஆன்ட்டி. அவரு பாவம்."

"நீ நோலன இன்னும் பாக்கல. வா."

அவன் கையிலிருந்து சுரண்டியைப் பிடுங்கிக் காரின் மேல் வைத்துவிட்டு, முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நேராகக் கர்ட்டிஸிடம் போயிருக்கலாம். ஆனால் யாரும் யாரையும் முந்தாத ஊரில் வளர்ந்த கால்கள் அவளை வரிசையின் வாலில் கொண்டுபோய் நிறுத்தின. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் பதறி, போ கெயில், நீ முன்னால போ என்று விலகினார்கள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மகனைப் பார்க்க வந்த மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தாள். கர்ட்டிஸ் கைகளைக் குலுக்கிக்கொண்டே அவள் வருவதைப் பார்த்தான். பார்த்தும் அவன் வாய் நிற்கவில்லை. வந்ததுக்கு நன்றி. வந்ததுக்கு நன்றி.

முதலில் அவளுடைய சொந்த இடம் வந்தது, காலியாக. அதைக் கடந்து, மைக்காவை முன்னால் தள்ளிக் கணவன் எதிரில் நிறுத்தினாள்.

"என்ன இது கெயில்?" என்றான் கர்ட்டிஸ், கையை மறுபடியும் பேண்ட் பைக்குள் விட்டுப் பல்லைக் கடித்து.

"அவனுக்குக் கை குடு. அவன் ஒண்ணும் பண்ணல." குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "நான்தான். டெஸ்ஸோட மாத்திரைய பரீட்சப் பெட்டில வச்சு அனுப்புனது நான்தான், கர்ட்டிஸ்."

டெஸ் எழுந்து நின்றிருந்தாள். கர்ட்டிஸ் தன் மனைவியை, காது கேட்காதவன் பார்ப்பதுபோல, வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கை பேண்ட் பையிலிருந்து வெளியே வந்தது. மைக்காவின் கையைப் பிடித்தான். குலுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான்.

"வந்ததுக்கு நன்றி" என்றான்.

மைக்கா அழுதுகொண்டே பெட்டிப் பக்கம் போனான். கர்ட்டிஸின் கை நீட்டியபடியே இருந்தது. கெயில் தன் கையை அதில் வைத்தாள். இருபத்தைந்து வருடமாகப் பழகிய கை. ஒரு குலுக்கு.

"வந்ததுக்கு நன்றி."

அவன் கண் அவள் தோளுக்கு மேலே, அடுத்து நின்ற ஆளிடம் போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் நகர்ந்து வந்தார்கள். கெயிலும் நகர வேண்டியிருந்தது.