அடி இளகிய தோட்டா

வெள்ளைக்காரத் துரை ஒருவன் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, என் வீட்டுக்காரர் பால்வண்ணநாதன் அவனுடைய ரைபிளை வாங்கினார். நாலே வருஷத்தில் அதற்கான தோட்டா எங்குமே கிடைக்காமல் போனது. ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான். ஐம்பத்தெட்டில், தென்காசி லேத்துக்காரர் அகமது கபீர் பாய் ஓர் எஃகு அச்சு கடைந்து கொடுத்தார். வேறு ரைபிளின் காலித் தோட்டாவை அதில் அழுத்தினால் கழுத்து சிறுத்து எங்கள் துப்பாக்கிக்குப் பொருந்திவிடும். பிறகு மருந்தும் குண்டும் அவரே அடைத்துக்கொள்வார்.

அழுத்துமுன் கழுத்தைத் தீயில் காட்டி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழுந்துவிடும். அடிப்பாகம் மட்டும் இளகவே கூடாது. வெடியின் வேகத்தைத் தாங்குவது அதுதான். அதனால் தட்டில் தண்ணீர் விட்டுத் தோட்டாக்களை நிறுத்தி, கழுத்தில் மட்டும் ஊதுவிளக்கைக் காட்டுவோம். அந்த வேலை என்னுடையது. "அடுப்படி ஆளுக்குத்தான் பக்குவம் தெரியும்" என்பார். ஆனால் நான் செய்வதை வெளியே யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

ஆடிச் சாரலுக்கு நாத்தனார் வீட்டார் பதினாலு பேர் வந்து இறங்கினார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி என்றால் அப்படியொரு பசி. ஊதுவிளக்கைத் தட்டைப் பார்த்து எரியவிட்டபடியே தோசை திருப்ப ஓடினேன். திரும்பி வந்தால் தட்டில் தண்ணீர் வற்றி, ஆறு தோட்டாக்கள் அடிவரை நிறம் மாறிக் கிடந்தன. திட்டுவாரே என்று புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளைதானே, பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த நிறத்தைப் பார்த்திருந்தால் அவரே எடுத்து எறிந்திருப்பார்.

குற்றாலத்துக்குக் கீழே எங்கள் தோப்பில் பன்றி விரட்டப் போனவரைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். தோட்டாவின் அடி பிளந்து, நெருப்பு பின்பக்கமாக முகத்தில் அடித்திருந்தது. வலது கண் போயிற்று. நான் அழவில்லை. மரத்துப்போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன், வந்தேன், பாத்திரம் கழுவினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அச்சு சரியில்லாமல்தான் வெடித்தது என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். கபீர் பாயை ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்தார்.

"அச்சுல ஒரு நூல் பிசகு கெடையாது சார். அளந்து பாத்துக்கிடுங்க," என்றார் பாய்.

"தோட்டாவக் கெடுத்தது நாந்தான் சார்," என்றேன். தண்ணீர் வற்றியது, புளி போட்டுத் தேய்த்தது, எல்லாம் சொன்னேன். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "துப்பாக்கி வேலைய எவனாவது பொம்பள கையில குடுப்பானா? என்ன அண்ணாச்சி, நெசமா?"

கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. ஒற்றைக் கண்ணால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவளுக்கு என்ன தெரியும்? கிறுக்கு மாதிரி ஒளறுதா. அவ அதத் தொட்டதே கெடையாது."

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கபீர் பாய் மட்டும் என் பக்கம் திரும்பி, "அடி இளகிப்போச்சுன்னா தாங்காதும்மா. எனக்குப் புரியுது," என்றார். நான் சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள்.