பதினோரு பின்கதவுகள்

மார்ச் ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு, மலேசியாவின் பீடோர் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் பதினோரு வீடுகளின் பின்கதவுகள் இல்லாமல் போயின. யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, சாயம்கூடக் காய்ந்திருந்தது. கோழிக்குத் தீனி போடப் போன மங்களம், கிண்ணத்தோடு சுவர் முன்னால் சற்று நின்றுவிட்டு, முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் போட்டாள்.

அந்த வீடுகளுக்குப் பிளான் வரைந்தவள் ஈப்போ புந்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் தொழில் செய்த தினேஸ்வரி. அன்று அதே எட்டு மணிக்கு அவளுடைய வரைபட மென்பொருளின் மாதச் சந்தா முடிந்திருந்தது. பேங்க் கார்டு காலாவதியானதை அவள் கவனிக்கவில்லை. பகல் பன்னிரண்டுக்குப் புதுப்பித்தாள். ஐந்து நிமிடத்தில் கதவுகள் பழைய கீறல்களோடு திரும்பி வந்தன. மங்களம் போன் செய்து நேரத்தைச் சொன்னபோதுதான் தினேஸ்வரி இரண்டையும் பொருத்திப் பார்த்தாள்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழாம் தேதி நெருங்கினால் பேங்க் கார்டை எடுத்து எடுத்துத் தேதி பார்த்தாள். தனக்குக் காய்ச்சல் கண்டால் என்ன ஆகும், செத்துப்போனால் அந்தப் பதினோரு வீட்டிலும் யார் எந்த வழியாக வெளியே வருவார்கள் என்று யோசித்து மாடிக்கும் தெருவுக்கும் நடந்தாள். மென்பொருளின் புதுப் பதிப்பு தானாக இறங்கியபோதெல்லாம் ஜன்னல்கள் நாலு விரல் நகர்ந்தன. அங்கே குடியிருந்த தேவன் வீட்டு மாடிப்படி இடப்பக்கம் திரும்பிக்கொண்டது. தேவனுக்கு அது பிடித்திருந்தது. “மாசாமாசம் புது வீடுலா, அக்கா!”

ஒரே தடவை வாங்கி என்றைக்கும் வைத்துக்கொள்ளும் மென்பொருளும் கடையில் இருந்தது. “அது பழசா போயிரும்லா, தினேஸ். பின்னால ஒரு ரூம் கூட்டிக் கட்டணும்னா எப்படி?” என்றான் அவளுக்கு வேலை தந்துவந்த காண்டிராக்டர் தர்மா. அவளுக்கும் அது தெரியும். முன்பு அப்படியொன்றில் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு வீடு வரைந்திருந்தாள். அதன் சொந்தக்காரர் கார் நிறுத்த ஓர் இடம் கூட்டிக் கட்டியபோது சிமெண்டு பிடிக்கவே இல்லை. அடுக்கிய செங்கல் மாலைக்குள் தானே இறங்கி கேட் ஓரம் வரிசையாக நின்றது. மூன்றாம் வாரம் அவர் விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் முடிவெடுக்க முடியாமல் தவித்தவள், மே மாதம் வீடு வீடாகப் போய், எந்த மென்பொருளில் வீடு இருக்க வேண்டும் என்று கேட்டாள். மங்களம் யோசிக்கவே இல்லை.

“தோட்டத்துல கம்பெனி குடுத்த லயத்து வீடு சந்தா மாதிரிதானே இருந்துச்சி. ரப்பர் பால் வெட்டற வரைக்கும்தான் வீடு. எங்க வீட்டுக்காரருக்குக் காலு ஒடிஞ்சி வேலை நின்னிச்சி, மறு மாசமே சாமான் சட்டியெல்லாம் ரோட்டுல. எனக்கு மாறாத வீடே போதும், தங்கச்சி.”

“அப்புறம் எதையும் மாத்த முடியாது, அக்கா. வேணுங்கறத இப்பவே சொல்லிருங்க.”

மங்களம் இப்போதுதான் யோசித்தாள். தேநீர் ஆறிப்போனது. “குளிக்கற ரூம் வாசலை அகலமா வை,” என்றாள். “சக்கர நாற்காலி நுழையணும்.” அவளுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது, காலில் ஒரு குறையும் இல்லை.

அப்படி ஒவ்வொருவரும் மிச்ச ஆயுளை ஊகித்துச் சொன்னார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இரண்டு அறை கேட்டது. கூடத்தில் குசுகுசுத்துவிட்டு வந்து மூன்று என்றது. தேவன் மட்டும் மறுத்தான். “நகராத வீட்டுல எனக்கு மூச்சு முட்டும்லா. என் வீட்டுச் சந்தாவ என் பேர்ல மாத்திவிடுங்க.”

தினேஸ்வரி அந்த நிரந்தர மென்பொருளின் உரிமத்தை வாங்கிப் பத்து வீடுகளையும் பத்தொன்பது நாளில் மறுபடி வரைந்தாள். இருபதாம் நாள் பகலில், பாலத்தில் லாரி ஏறுவது போன்ற சத்தத்தோடு சுவர்கள் ஒருமுறை நகர்ந்து நின்றன. புது வகைக் கோப்பு அவளால் கொடுக்க முடியாததால் பெரிய வேலைகளைத் தர்மா வேறு ஆளிடம் கொடுத்துவிட்டான். அவள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நாற்காலியிலேயே மூன்று மணி நேரம் தூங்கினாள்.

ஆகஸ்டில் வந்த புதுப் பதிப்பில் தேவன் வீடு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. தபால்காரர் இப்போது கடிதங்களை அங்கேதான் போடுகிறார்.