கோட்டுக்கு இந்தப் பக்கம்

கல்லறைத் தோட்டத்துச் சுவரில் வைத்த பெருவிரலை எடுத்துப் பார்த்தாள் விஜிலா. சிவப்பு ஒட்டியிருந்தது. போன மழைக்கு முன்னால் அவளே நின்று அடிக்கவைத்த பெயின்ட் இன்றைக்கு எப்படி ஈரமாக இருக்கும்? குனிந்தாள். அவள் போட்ட குறியின் மேல் புதுச் சுண்ணாம்பு. அதைத் தாண்டிக் கடல் பக்கமாகத் தள்ளி இந்தப் புதுக் குறி. எதிர்ச் சுவரிலும் அதே வேலைதான். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அம்மையின் கல்லறைக் குருசை ஒட்டி வெள்ளத்துரை குழி வெட்டத் தொடங்கியிருந்தார்.

“யாரு இங்கன வெட்டச் சொன்னா?”

“ஒங்கண்ணந்தாம். கயித்துக்கு உள்ளதானம்மா கெடக்கு?” என்றார் அவர். பாவம், அவரைச் சொல்லி என்ன செய்ய?

பூசைக்கு முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாவது மணிக்கு அப்பாவின் சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

அவள் குறிவைத்தது விளையாட்டுக்குப் போட்ட கோடு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் கடல் வந்து கல்லறைத் தோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கல் தடுப்பு கட்ட ஏற்பாடானபோது, அளக்க வந்த தூத்துக்குடிக் கம்பெனியில் விஜிலாதான் சர்வேயர். செயற்கைக்கோளைப் பிடித்து இடம் சொல்கிற ஜிபிஎஸ் கருவியை ஊர் முழுக்க ‘குச்சி’ என்றுதான் சொன்னது. உயரமான குச்சி, உச்சியில் கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி ஒன்று, அடியில் கூரான இரும்பு முனை. ஒரு குருசு விடாமல் எல்லாக் கல்லறையிலும் அதை ஊன்றி இடத்தைப் பதிந்தாள். பிறகு கோடு போட்டாள். அந்தக் கோட்டில்தான் ஜேசிபி வந்து அஸ்திவாரம் தோண்டும். அதற்கு அப்பால் இருப்பது கடலுக்கு. இனிமேல் கோட்டுக்கு வெளியே யாரையும் அடக்கம் செய்வதில்லை என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. ஏற்கெனவே வெளியே கிடக்கிறவர்களை என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டது.

அம்மை வெளியே இருந்தாள். கோட்டில் நின்று கை நீட்டினால் அவள் குருசைத் தொடலாம்.

அளந்த அன்றைக்கு விஜிலாவுக்கு வெயில் படாமல் குடை பிடித்து நின்றது அப்பா ரோச்தான். “ஒங்கம்ம எந்தப் பக்கம்ளா?” என்று கேட்டார். “வெளியப்பா” என்றாள். அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார். “என்னைய ஒங்கம்மகிட்டப் போடணும், கேட்டியா.” சரிப்பா என்றாள். மூச்சுக்குத் திணறுகிற மனுசனிடம் கோட்டைப் பற்றியா பேச முடியும்?

அண்ணன் ஆன்றோ தோட்டத்து வாசலில் வந்து நின்றான். துக்க வீட்டுச் சட்டையில், இடது கையில் சுண்ணாம்புத் தடம்.

“பாத்துட்டியா?”

“என்ன காரியம்ணே இது?”

“அப்பாக்கு வாக்குக் குடுத்தது நீதான? நான் அதக் காப்பாத்துதேன்.”

“ஜேசிபி வந்தா அப்பாவத் தோண்டி வெளிய போட்டுரும்.”

“வரட்டும், அப்பப் பாப்போம். அவனுவ என்னைக்குச் சொன்ன நாளைக்கு வந்திருக்கானுவ? நடுக்கடல்ல எவன்ளா கோடு போட்டு வச்சிருக்கான்? ஒனக்கும் அந்தக் குச்சிக்கும் தவிர யாருக்குத் தெரியும்? வாய மூடிக்கிட்டு வீட்டுக்கு வா.”

யாருக்குத் தெரியுமாம்! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவன் முதுகுக்குப் பின்னாலேயே அமலோற்பவம் சித்தி நின்றிருந்தாள். போன ஐப்பசியில் அவள் புருசன் கித்தேரியான் செத்தபோது, கடல் பக்கத்து வரிசையில் கிடக்கும் மூத்த பெண்குழந்தைக்குப் பக்கத்தில் போடச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டாள். கோட்டைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, குழந்தையின் கல்லறையில் குச்சியை ஊன்றினாள் என்று விஜிலா மேல் மணலை வாரி எறிந்தவள் அவள். “எம்பிள்ள மேல ஏம்ளா குத்துத?” அன்றைக்கு நின்ற பேச்சு அதன் பிறகு வரவே இல்லை.

இப்போது அவள் கயிற்றைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

“ஊருக்குத்தாம் உபதேசம், என்ன? எங்காளுக்கு ஒரு கோடு, ஒங்கப்பனுக்கு ஒரு கோடா?”

“சித்தி, இது சும்மா…” என்று தொடங்கினான் ஆன்றோ.

“நீ பேசாத. அவ அளக்கட்டும். அந்தக் குச்சியக் கொண்டாரச் சொல்லு.”

கத்தல் கேட்டுக் கோயிலடியில் நின்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். பூசைக்கு உடுத்திக்கொண்டிருந்த பங்குச் சாமியும் பாதி உடுப்போடு வந்தார். துறைமுக வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள் என்பதால் கருவி விஜிலாவின் கார் டிக்கியில்தான் இருந்தது. அவள் நடந்தாள். ஆன்றோ கூடவே வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

“நீ அளந்தா ஊர் முன்னால ஒங்கண்ணன் கள்ளன். அப்பா ஒரு பக்கம், அம்ம ஒரு பக்கம். அதுதாம் வேணுமா ஒனக்கு?”

அவள் கையை உருவிக்கொண்டு டிக்கியைத் திறந்தாள். அண்ணன் மேல் கோபம். அப்பா மேலும் கோபம். இப்படி ஒரு வாக்கை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டாரே!

கோயில் கொடிமரத்து மேடையில் அடித்துவைத்திருந்த ஆணியின் மேல் ஒரு கருவியை நிறுத்தினாள். இன்னொன்றைக் குச்சியில் மாட்டித் தோட்டத்துக்குள் வந்தாள். திரையில் இடம் நிலைக்காமல் எண்கள் அலைந்தன. குச்சி நேராக நிற்கிறதா என்று காட்டுகிற நீர்க்குமிழும் வட்டத்துக்குள் நிற்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து நிறுத்தினாள். எண்கள் நின்றன. கருவி ‘பீப்’ என்றது. ஓரடி நகர்ந்ததும் இன்னும் வேகமாகக் கத்தியது. பிறகு, கோட்டை எட்டியதும் ஒரே சத்தமாக நீண்டது.

குச்சி கயிற்றிலிருந்து தள்ளி, ஊரைப் பார்த்து இந்தப் பக்கம் நின்றது.

“கோடு இங்கன” என்றாள் விஜிலா.

“அப்ப அந்தக் கயிறு யாரு கட்டுனது?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆன்றோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது. தங்கையை அடித்துவிட்டு அப்பா முன்னால் நிற்கும்போது சின்ன வயதில் அவனுக்கு அப்படித்தான் சிவக்கும்.

“யாரு கட்டுனா என்ன? தப்பு. அவுத்துருங்க” என்றாள். பிறகு சாமியிடம் திரும்பினாள். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று பேசினாள். “சாமி, அப்பா வெளிய போவாண்டாம். அம்ம உள்ள வரட்டும்.”

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

“குடும்பக் குழியத் தொறந்தா பழைய எலும்பத் துணியில கெட்டி, புதுப் பெட்டிக்கக் கால்மாட்டுல வைக்கிறதில்லையா? அதே மாதிரிதான். அம்மைய எடுத்து அப்பாகூட வச்சிருவோம்.”

“ஒரே குழியில செய்வோம்ளா. இந்தக் குழியிலேருந்து அந்தக் குழிக்கு யாரும் தூக்குனதில்லையே?” என்றார் பெரியவர் ஒருவர்.

சாமி அம்மையின் குருசைப் பார்த்தார். அதற்கு அப்பால் அலை வந்து மோதிய இடத்தைப் பார்த்தார். “இதுவும் செபஞ்சொல்லி மந்திரிச்ச மண்ணு, அதுவும் மந்திரிச்ச மண்ணு. பாதுகாக்கத்தான எடுக்கோம்? மேல சொல்ல வேண்டியவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எடுங்க. முடியுற வரைக்கும் ரெண்டாவது மணி அடிக்காண்டாம்.”

வெள்ளத்துரை கோட்டுக்கு உள்ளே புதுக்குழி வெட்டினார். அம்மையின் குழியில் ஆன்றோ இறங்கினான். வேறு யாரையும் இறங்க விடவில்லை. கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்று, கையால் மண் தள்ளுகிற சத்தம் கேட்டது. வெள்ளை வேட்டித் துணியில் கட்டி அவன் மேலே நீட்டியதை விஜிலா வாங்கினாள். கனமே இல்லை. அம்மை நல்ல உடம்புக்காரி. பழைய சட்டை பத்தாமல் பண்டிகைக்குப் பண்டிகை புதுச் சட்டை தைத்தே ஆக வேண்டும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விஜிலா வாய்விட்டு அழுதாள். குழிக்குள் நின்றபடியே ஆன்றோவும் அழுதான். அப்போதுதான் இரண்டாவது மணி அடித்தது.

அடக்கம் முடிந்து கூட்டம் கலையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஆன்றோ வந்து அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனான். விஜிலா குச்சியைக் கழற்றப் போனாள்.

“ஏளா.”

அமலோற்பவம் சித்தி கோட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அவளைச் சுற்றிலும் வெறும் மணல். ஒரு குருசு கூட இல்லை.

“போன மழையில எம்பிள்ளைக்கக் குருசக் கடலு கொண்டு போயிட்டு. அவளையும் அவ அப்பன்கிட்டக் கொண்டு வைக்கலாம்னா, எங்கன கெடக்கான்னு எனக்கே தெரியல. அன்னைக்கு நீ குத்துனியே… ஒங்குச்சிக்கு அது நெனப்பிருக்குமா?”

“இருக்கு சித்தி.”

வெள்ளத்துரை கழுவிவைத்த மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார். விஜிலா திரையில் அந்தச் சின்னக் கல்லறையின் புள்ளியைத் தேடி எடுத்துவிட்டு நடந்தாள். கருவி விட்டுவிட்டுக் கத்தியது; வேகமாகக் கத்தியது. சித்தி முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அலை வந்து ஈரமாக்கிவிட்டுப் போயிருந்த ஓரிடத்தில் சத்தம் ஒரே நீளமாக நின்றது.

“பைய ஊனுளா” என்றாள் சித்தி. “பிள்ள கெடக்கா.”

விஜிலா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மணலில் வெறுங்காலை வைத்து, இரும்பு முனையைத் தன் பாதத்தின் மேல் ஊன்றிக்கொண்டாள்.