தனசீலனின் இடது முழங்கால்

சயான் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது தனசீலன் நன்றாகத்தான் ஏறினான். இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி இறங்கினான். பின்னால் வந்த கூட்டம் முணுமுணுத்தது. அவன் மனைவி சேசம்மாள் எதையும் பார்க்காதவள்போல அவனோடு சேர்ந்து மெல்ல இறங்கினாள். தாராவிக்கு வந்து வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"முட்டு வலிக்குதா?"

"சும்மா பிடிச்சிருக்கு. ஓடுனா சரியாப் போவும்."

அவன் தறி ஓட்டும் மில்லில் ஸ்டிரைக் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலை இருந்த காலத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் மாஹிம் வரை ஓடிவிட்டு வருவான். ஓட்டப் பந்தயத்தில் மில்லுக்காகக் கோப்பைகூட வாங்கியிருக்கிறான். இப்போது சேசம்மாள் தையல் பட்டறைக்குக் கிளம்பும் நேரத்தில் அவனும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வேலைக்குப் போகிறவள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. அதற்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். மாஹிம் போதாமல் பாந்த்ரா, பாந்த்ரா போதாமல் அந்தேரி என்று தூரம் வளர்ந்துகொண்டே போனது. ஜனவரியில் நகரத்தில் பெரிய ஓட்டப் பந்தயம். அதில் ஓடிக் காட்டிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தான்.

சேசம்மாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டரம்மா தமிழிலேயே கேட்டார். "இந்தக் கால்ல முன்னாடி அடி பட்டிருக்கா?"

"இல்ல டாக்டர்," என்றான் தனசீலன்.

"கபடி ஆடி இதே முட்டு திருகிப்போச்சு," என்றாள் சேசம்மாள்.

"ஷூ?"

"நல்லாத்தான் இருக்கு."

"ஒரு பக்கம் அட்டையாத் தேஞ்சு கெடக்கு," என்றாள் சேசம்மாள். " லாரிக்குப் பயந்து ரோட்டுக்கு இடதோரமாவேதான் ஓடுவாக. அந்த ஓரம் சரிஞ்சு கெடக்கும். தூரத்தையும் ஒரே மாசத்துல ரெண்டு பங்கா ஆக்கிட்டாக."

டாக்டரம்மா அவன் தொடையை அழுத்திப் பார்த்தார். "சதை பத்தாது. பழைய அடி, தேஞ்ச ஷூ, சாஞ்ச ரோடு, எல்லாத்தையும் இந்தக் கால் எப்படியோ தாங்கிண்டிருந்திருக்கு. திடீர்னு தூரத்தைக் கூட்டினதும் அதால முடியலை. ஜனவரி வேண்டாம்ப்பா. தொடைக்குப் பயிற்சி சொல்றேன். வலி போனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிக்கலாம். பேசிண்டே ஓடற வேகம் போதும்."

வீட்டுக்கு வந்ததும் தனசீலன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு கேட்டான். "ஓடாம நான் என்ன செய்ய, சேசு?"

அவள் பாயை விரித்தாள். டாக்டரம்மா சொன்ன பயிற்சிப்படி அவன் காலை நீட்டச் செய்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"அமுக்குங்க."

"ஒன் கையி நசுங்கும்."

"நசுங்கட்டும். எவ்வளவு பலம் இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

மெல்ல அழுத்தினான். தொடை நடுங்கியது. மறுநாளும் அப்படியே. கால் வேலை செய்துகொண்டிருந்ததாலோ என்னவோ, அந்த நேரத்தில் அவனுக்குப் பேச்சு வந்தது. தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராததையும், அவள் டிபன் டப்பாவை எடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கக் கூசியதையும் சொன்னான். அவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தய நாளில் அவளே அவனை வற்புறுத்திக் கூட்டிப்போனாள். இருவரும் ரோட்டோரம் நின்றார்கள். அவனோடு சேர்ந்து ஓடிப் பழகிய வானமாமலை தூரத்தில் வந்ததும் தனசீலன் தொண்டை கிழியக் கத்தினான். "விட்டுராதல! மூச்சைப் பிடி!" வானமாமலை கடந்து போன பிறகு தனசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். சேசம்மாள் முந்தானையை நீட்டினாள். அவன் மறுக்காமல் துடைத்துக்கொண்டான்.

வெயில் காலம் வந்தபோது செம்பூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. வலியும் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் புது ஷூவோடு மாட்டுங்கா மைதானத்துக்குப் போனான். சேசம்மாளும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கூடவே இறங்கினாள்.

"நீ எதுக்கு?"

"பேசிக்கிட்டே ஓடணும்னு டாக்டரம்மா சொல்லலியா? தனியாவா பேசுவீங்க?"

பாதிச் சுற்றிலேயே அவளுக்கு இரைத்தது. அவன் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நடந்தான்.

"மெதுவாவே போவோம்," என்றான். "ஒண்ணும் அவசரமில்ல."