நாற்பத்தொன்றாவது கிலோமீட்டர்

கடைசி இரண்டு வண்டிகளும் வந்து நின்றன. இரண்டில் ஒன்றுகூடச் சிவப்பு இல்லை.

மார்டள்ளியில் மோகனப்ரியாவின் அப்பா செல்லக்கண்ணு வீட்டு வாசல். கயிற்றுக் கட்டிலின் மேல் ஹெல்மெட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. மோகனப்ரியா எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு. காலையில் மைசூரிலிருந்து கிளம்பியது பத்தொன்பது.

"உதயண்ணா, அத்தை எங்கே?"

க்ளப்பில் உதயகுமாருக்கு 'வால்' என்று பெயர். வரிசையில் கடைசியாக வருவது அவர் வேலை. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஆன்ட்டி இன்னும் வரலையா? ஹனூர் தாண்டி, என் கூட வந்த இவனுக்குப் பஞ்சர். அவங்களும் கூடவே நின்னாங்க. வெயில்ல எதுக்குக் காயறீங்க, ரூட் ஷீட்டுதான் இருக்கே, பார்த்துப் போயிட்டே இருங்கன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்."

"எப்போ?"

"ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

மோகனப்ரியா தெருமுனையைப் பார்த்தாள். உமாதேவி அவளுடைய மாமியார். ஐம்பத்திரண்டு வயது. அந்தச் சிவப்பு வண்டி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. கூட்டத்தோடு வெளியூர் கிளம்பியது இன்றுதான் முதல் தடவை. கிளம்பும்போது கணவன் கவின்ராஜ் வாசலில் நின்று சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே இருந்தது.

"நான் வேண்டாம்னேன். நீதான் கூட்டிட்டுப் போறே. அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போறியோ, அப்படியே திரும்பக் கொண்டுவந்து விடணும்."

அவள் போன் செய்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மறுபடி செய்தாள். மறுபடி அதே குரல்.

"பள்ளிக்கூட வளைவுல யார் நின்னது?" என்று கேட்டார் பசவராஜ். க்ளப்பின் கேப்டன் அவர். மைசூரில் டயர் கடை வைத்திருக்கிறார்.

"நான்தாண்ணா," என்றான் தருண்குமார். "உதயண்ணா வர்ற வரைக்கும் நகரவே இல்லை. ஆன்ட்டி அந்தப் பக்கம் வரலை."

கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. ரூட் ஷீட்டில் திருப்பம் என்று போட்டிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் ஓரமாக நிற்பார். வால் கடந்து போகும்வரை கை காட்டுவார். ஷீட்டில் இல்லாத இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

"வழி தப்பிட்டாங்க, அஷ்டே, அவ்வளவுதான்," என்றார் பசவராஜ். "பதினெட்டுப் பேர் அதே ஷீட்டைப் பார்த்து வந்திருக்கோம். ஒருத்தர் மட்டும் தப்பினா என்ன பண்றது? வயசானவங்களை எல்லாம் சேர்க்கிறப்போவே நான் யோசிச்சேன்."

அதே ஷீட். அந்த ஷீட்டைத் தயாரித்தது மோகனப்ரியா.

மைசூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் அவளுக்கு வடிவமைப்பு வேலை. க்ளப்பின் ரூட் ஷீட்டுகளை ஒரு வருஷமாக அவள்தான் போட்டுத் தருகிறாள். வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டிக்கொள்ளும் ஒரே தாள். ஒவ்வொரு வரியிலும் மூன்றே விஷயம்: எத்தனையாவது கிலோமீட்டர், எந்தப் பக்கம் அம்புக்குறி, அங்கே என்ன அடையாளம். கொள்ளேகால் பெட்ரோல் பங்கில் எல்லோரும் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து கணக்கு.

இந்த முறை அத்தைக்காகவே எழுத்தைப் பெரிதாக்கினாள். உமாதேவிக்குத் தூரப்பார்வை தெளிவு, கிட்டப்பார்வை மங்கல். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவும் முடியாது. மைசூர் ஹெப்பாள் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் சூப்பர்வைசர் அவர். தைத்து வரும் சட்டைகளில் எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே தையல் தாண்டியிருக்கிறது என்று பார்த்து, பிழை இருக்கும் இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. கண் மங்குவதை அங்கே யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு காலை ரிங் ரோட்டில் மாமியாரும் மருமகளும் சோதனை நடத்தினார்கள். அத்தை முன்னால் ஓட்ட, மோகனப்ரியா பின்னால் உட்கார்ந்து, "இப்போ தெரியுதா அத்தே?" என்று கத்துவாள். "அம்பு தெரியுது, நம்பர் தெரியலை!" என்று பதில் வரும். வீட்டுக்கு வந்து எழுத்தை இன்னும் ஒரு சுற்று ஏற்றினாள். அத்தை வண்டியின் மீட்டர் பத்துக் கிலோமீட்டருக்கு இருநூறு மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்ன வித்தியாசம், போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எழுத்துப் பெருத்தால் தாள் பெருக்குமா? பதினொரு வரி இருந்தது. ஒரு பக்கத்தில் ஏழுதான் அடங்கியது. நான்கை எடுக்க வேண்டும். நேராகப் போ என்று சொல்கிற மூன்று வரிகளை எடுத்தாள். நான்காவது...

மோகனப்ரியா தன் வண்டியிடம் ஓடினாள். டேங்க் மேல் இருந்த தாளைப் பார்த்தாள். 33, வலது, போஸ்ட் ஆபீஸ். அடுத்த வரி: 52, இடது, பள்ளிக்கூடம்.

நடுவில் நாற்பத்தொன்று இல்லை.

பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும் இடம். வலது பக்கம் ஊருக்கு. நேராகப் போனால் காட்டோரம். பிறந்ததிலிருந்து அவள் போய்வந்த பாதை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பஸ், கல்லூரி விட்டு வந்த பஸ், கல்யாணப் பெண்ணாக மறுவீட்டுக்கு வந்த வேன், எல்லாம் அங்கே தானாக வலது பக்கம் திரும்பின. அங்கே யார் நேராகப் போவார்கள் என்று அந்த வரியை அழித்தவள் அவள்தான். இன்று காலையும் அந்த இடத்தில் யோசிக்காமலே வண்டியைச் சாய்த்தாள். மற்றவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துத் திரும்பினார்கள். உதயகுமாருக்கு ஏற்கெனவே தெரிந்த சாலை. ஷீட்டை மட்டும் நம்பி வந்த ஒரே ஆள் உமாதேவி. அவர் இந்த ஊருக்கு வந்ததே ஒரு தடவைதான். அன்றும் வேனில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார்.

போன் அடித்தது. கவின்ராஜ்.

"அம்மா சேர்ந்தாச்சா? போன் போகலையே?"

"இங்கே... சிக்னல் சரியில்லைங்க. தண்ணி குடிச்சிட்டிருக்காங்க."

பொய் சொன்ன வாய் கசந்தது. அம்மா அஞ்சலை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி மொகம் இப்புடி வெளுத்துக் கெடக்குது? சம்பந்தியம்மா எங்க? எலை போடலாமா?"

"போடாதீங்கம்மா. யாருக்கும் போடாதீங்க."

அவள் வண்டியை உதைத்துக் கிளப்பினாள். பசவராஜும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

தண்ணீர்த் தொட்டி வந்ததும் நிறுத்தினாள். நேராகப் போகிற சாலை தார் நன்றாகப் போட்டு, அகலமாக, வா வா என்று அழைத்தது. ஊர்ச் சாலைதான் ஒடுங்கிக் கிடந்தது. தெரியாதவர் எவரும் நேராகத்தான் போவார். இத்தனை வருஷத்தில் இது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"எவ்ளோ தூரம்னு தேடறது மோகனா? போலீஸுக்குச் சொல்லிடலாமா?" என்றார் பசவராஜ்.

"பதிமூணு கிலோமீட்டர்ணா."

"அது எப்படி அவ்ளோ கரெக்டா?"

தாளின் அடியில் கட்டம் போட்டு ஒரு விதி இருந்தது. கன்னடத்தில், பெரிய எழுத்தில்: 'எண் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயும் அடையாளம் வரவில்லையா? நில். அங்கேயே இரு.' ஐம்பத்திரண்டில் பள்ளிக்கூடம் இல்லையென்றால், ஐம்பத்துநான்கில் அத்தை நிற்க வேண்டும். நாற்பத்தொன்றிலிருந்து பதிமூன்று.

"அவங்க விதிப்படி நின்னிருந்தா," என்றார் பசவராஜ்.

அந்த 'நின்னிருந்தா'வைச் சுமந்துகொண்டுதான் அவள் மீட்டரைப் பூஜ்யமாக்கினாள். மூன்று, நான்கு. வீடுகள் குறைந்தன. ஏழில் யானை படம் போட்ட மஞ்சள் பலகை. எட்டில் சாலை முழுக்கச் சிதறிய மூங்கில் தழை. எந்த மிருகம் ஒடித்துப் போட்டதோ. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் சிவப்பு நிறம் தெரிந்தது. கிட்டே போனால் அது ஒரு பாறை, ஒரு கொடி, ஒரு கிழிந்த சேலை. பத்து. சாலையோரப் பள்ளங்களையும் பார்த்துக்கொண்டே போனாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பதிமூன்று.

யாரும் இல்லை. இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. காற்றுக்கூட இல்லை.

"அய்யோ அத்தே!" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

பசவராஜ் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "திரும்பி வேற எங்கேயாவது போயிருப்பாங்க. வா, ஹனூர் போய்ப் புகார் கொடுத்துடலாம். இதுக்கு மேல தனியா போறது நமக்கே நல்லதில்லை."

அவள் வண்டியைத் திருப்பினாள். பாதி திரும்பியபோது நினைவு வந்தது. ரிங் ரோடு. பத்துக்கு இருநூறு மீட்டர். கொள்ளேகாலிலிருந்து ஐம்பத்துநான்குக்கு?

"அண்ணா, இன்னும் ஒரு கிலோமீட்டர்! அவங்க மீட்டர் கம்மியா காட்டும்ணா!"

பதில் வரும் முன்பே அவள் கிளம்பிவிட்டாள். ஒரு மேடு, ஒரு சின்னப் பாலம். பாலம் தாண்டியதும் சிவப்பு.

இந்தச் சிவப்பு பாறை இல்லை.

வண்டி ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் உமாதேவி, ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூடத் திறக்காமல், ஹெல்மெட்டோடு, உச்சி வெயிலில் காவல்காரர் போல் நின்றுகொண்டிருந்தார். முப்பதடி தள்ளி ஒரு பெரிய புளியமரம் குளுகுளுவென்று நிழல் பரப்பியிருந்தது. அதன் கீழே ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்து இந்த அதிசயத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே!" மோகனப்ரியா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. "நிழல்ல நிக்கக் கூடாதா?"

"அங்கேயே இருன்னு நீதானே போட்டிருக்கே! மரத்தடிக்குப் போனா ரோட்டுல இருந்து தெரியாதில்லையா?"

"ஒரு மணி நேரமா கூப்புட்டுப் பாத்துட்டேன் கண்ணு," என்றாள் ஆட்டுக்காரி. "அசையவே மாட்டேங்கறாங்க. நானுந்தான் வுட்டுட்டுப் போக மனசு வராம உக்காந்திருக்கறேன். ஆனை வர்ற எடமாச்சே."

மோகனப்ரியா நீட்டிய பாட்டிலை வாங்கித் தண்ணீரை மடமடவென்று குடித்தார் உமாதேவி. குடித்து முடித்தபின் குரல் இறங்கியது.

"கண்ணு போயிடுச்சு மோகனா. ஷீட்டுல ஒரு வரியைப் படிக்காம விட்டுட்டேன். போன மாசம் ஃபேக்டரியிலயும் ரெண்டு பீஸ் கை நழுவிப் போச்சு, யார்கிட்டயும் சொல்லலை. கவின் சொன்னது சரிதான். ஆய்த்து, முடிஞ்சுது. வண்டியை வித்துடலாம். நீயும் அவன்கிட்ட ஏச்சு வாங்க வேண்டாம்."

"விடுங்க மேடம்," என்றார் பசவராஜ். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

மோகனப்ரியா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி தானாகவே அத்தையின் கண்ணில் போய் விழுந்துவிடும். கவினுக்கும் சந்தோஷம். க்ளப்பில் அவள் பெயரும் கெடாது. இனி இப்படி ஒரு பகலை அவள் மறுபடி அனுபவிக்கவும் வேண்டியதில்லை.

"வரியே இல்லை அத்தே," என்றாள்.

"என்ன?"

"நீங்க எதையும் விடலை. நாற்பத்தொண்ணுல ஒரு வலது இருக்கு. எழுத்தைப் பெருசாக்க இடம் பத்தலைன்னு நான்தான் எடுத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச ரோடு, எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். தப்பு என்னோடது. உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு."

பசவராஜ் தன் டேங்க்கில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். விரல் வைத்துப் பார்த்தார். 

உமாதேவி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தன் தாளை உறையிலிருந்து உருவி, சட்டையைப் பரிசோதிக்கிற மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தார். 

அவர் கைப்பையின் சின்ன அறையைத் திறந்தார். தொழிற்சாலையில் கொடுக்கிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் பட்டை அங்கே எப்போதும் இருக்கும். ஒன்றைக் கிள்ளியெடுத்து, முப்பத்துமூன்றுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் அழுத்தி ஒட்டினார்.

"இங்க ஒரு தையல் விட்டிருக்கு," என்றார். "இதே மாதிரி எத்தனை பீஸ் வெளிய போயிருக்கு?"

"பத்தொன்பது."

"மிச்சம் பதினெட்டுக்கும் ஒட்டணும். சாப்பாட்டுக்கு முன்னாடி. நீயே ஒட்டணும், ஏன் ஒட்டறேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே சொல்லணும்."

"சரி அத்தே."

"வரிகளை நெருக்கிப் போட்டிருந்தா எட்டு வரியும் அடங்கியிருக்கும். கீழ இவ்ளோ இடம் சும்மா கிடக்குது பாரு." தாளை உறைக்குள் வைத்து, ஸ்டாண்டை உதைத்து மடக்கினார். "நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

"வண்டியை வித்துடலாம்னீங்களே மேடம்?" என்றார் பசவராஜ்.

"யாரு சொன்னா?" என்றார் உமாதேவி.

தண்ணீர்த் தொட்டிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போதே சிவப்பு வண்டியின் இண்டிகேட்டர் மினுங்கத் தொடங்கியது. அங்கே சிக்னல் இருந்தது போலும். மோகனப்ரியாவின் பையில் போன் அடித்தது. வண்டியை ஓரம்கட்டி எடுத்தாள்.

"என்ன பண்றாங்க அம்மா?" என்றான் கவின்ராஜ்.

அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.