கிழக்கே போன பை

திருவனந்தபுரத்திலிருந்து லிஸ்பனுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர். துபாய்வரை நாலு மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு எட்டு மணி நேரம். எட்டு மாதமாகத் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடும் கணவன் அனூப்பின் வாசல்வரை மீனுவுக்கு எல்லாம் மனப்பாடம். கணக்கில் விட்டுப்போனது ஊருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் வித்துரா மட்டும்தான்.

விமானம் செவ்வாய் மாலை ஆறரைக்கு. அன்று கரிநாள் என்பதால், அம்மா வடிவாம்பாள் திங்களன்றே நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிட்டாள். போகிற திசையில் இருக்கும் வீட்டில் முன்கூட்டியே ஒரு பையை வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பை போனது மேற்கே மூன்றாவது வீடான ரத்னாபாய் வீட்டுக்கு.

"வெறும் சேலையை வச்சா பரஸ்தானமாட்டீ? எது இல்லாம போக முடியாதோ அதை வை" என்று அம்மா பாஸ்போர்ட்டையே பைக்குள் வைத்திருந்தாள்.

செவ்வாய் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், ரத்னாபாய் வீட்டில் பெயின்ட் அடிப்பவர்கள் மட்டும் இருந்தார்கள். மீனு பதறிப்போய்ப் போன் செய்தாள்.

"தங்கச்சி வழுக்கி விழுந்துட்டா மோளே, காலையிலயே வித்துராவுக்கு ஓடி வந்தேன். இப்பத்தான் திரும்புகேன். மகன் சிபிதான் வண்டி ஓட்டுகான்."

"பை எங்க ஆன்ட்டி?"

"என் மடியில. பெயின்ட்காரங்க நடமாடுற வீட்டுல பாஸ்போர்ட்டை விட்டுட்டு வருவேனா? பேடிக்காண்டாம், ஒண்ணும் பயப்படாத. நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துருகேன்."

அம்மா தலையில் கைவைத்தாள். "மேக்க போக வேண்டிய பை கெழக்கல்லா போயிருக்கு!"

ஐந்தரைக்குக் கவுன்டர் மூடிவிடும். பாஸ்போர்ட் இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. விமான நிலையத்துக்கு வெளியே பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மீனுவுக்கு, கடல்கள் எல்லாம் வழிவிட்டு ஒதுங்கி நிற்க, வித்துரா வழியிலுள்ள நெடுமங்காட்டுச் சந்தி மட்டும் குறுக்கே படுத்துக்கிடப்பதாகத் தோன்றியது. துபாய் பக்கம்தான், இந்த நாற்பது கிலோமீட்டர்தான் தூரம்.

"பேரூர்க்கடை தாண்டியாச்சாம்" என்றார் அப்பா நெல்லையப்பன். இரண்டு நிமிடம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார்.

ஐந்து பத்துக்கு சிபியின் கார் வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே ரத்னாபாய் பையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டாள். மீனு அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மா மட்டும் பையைத் தொடவில்லை.

"எல்லாம் சரி ரத்னா, ஆனா திசை மாறிப்போச்சே..."

"வடிவக்கா, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி, உங்க சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனா போன பை பத்திரமா திரும்பி வந்துச்சுல்லா? அப்ப இவளும் வருவா."

அம்மா கைநீட்டிப் பையைத் தொட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீனுவின் முதுகில் கைவைத்து வாசல் பக்கம் தள்ளினாள்.

"நேரமாச்சுட்டீ. போயிட்டு வா."