அந்த வீட்டுச் சாமான்

நாற்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்துகொள்கிறவளுக்கு ஊரார் சொல்லும் புத்திமதிக்குப் பஞ்சமே இருக்காது. தையல்காரிக்கும் அப்படித்தான். துணி கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இரண்டாம் தாரமாகப் போகிற வீட்டில் முதல் தாரத்தின் சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது, முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடு என்றார்கள். அவள் குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வாயில் ஊசி இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் பெரிய வசதி அது.

அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இதே புத்திமதி அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டிலிருந்த மேஜை, நாற்காலி, கட்டில், பீரோ அத்தனையையும் வண்டியில் ஏற்றி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிட்டார். புது சோபா வந்தது, புதுக் கட்டில்கள் வந்தன, வழவழவென்று ஒரு சாப்பாட்டு மேஜை வந்தது. கல்யாணம் முடிந்து தையல்காரி முதல்முறை அந்த வீட்டுக்குள் காலடி வைத்தபோது சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. உனக்கு ஒரு சங்கடமும் வரக் கூடாதென்றுதான் எல்லாவற்றையும் மாற்றினேன் என்றார் அவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியம்தான் சில சமயம் கவலையைக் கொண்டு வரும்.

காரணம், அவருடைய மகள். பதினாறு வயது. அம்மா போனதிலிருந்து பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். இந்த விடுமுறைக்கு இரண்டு வாரம் அப்பா வீட்டில் வந்து இருக்கப் போகிறாள். பிடித்தால் இங்கேயே இருந்து இங்கேயே பள்ளிக்கூடம் சேரலாம், இல்லையென்றால் அத்தையோடு திரும்பிப் போகலாம், முடிவு அவளுடையது என்று பேச்சு. கண்ணாடிக்காரர் இதை நாளைக்கு மழை வந்தாலும் வரலாம் என்பது போலச் சொன்னார். தையல்காரிக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளும் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவள்தான். பதினேழு வயதில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள், இருபத்தாறு வருஷம் இருந்தாள். அண்ணனோ அண்ணன் மனைவியோ ஒருநாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட அவள் சொல்லி அடித்தது கிடையாது. காலையில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டால், அவள் அங்கே இருந்த தடயமே இருக்காது. ஒரு பெண் அப்படி வளரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொண்டதல்ல. அந்தப் பெண் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவள் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

அந்தப் பெண் வந்து பார்க்கப் போவதோ பிளாஸ்டிக் உறை போட்ட சோபா. பெற்றவள் புழங்கிய வீட்டில் பெற்றவள் தொட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. தையல்காரிக்குக் கிழிசல் தைப்பதில் நல்ல பெயர் உண்டு. பழைய துணியில் ஒட்டுப் போடுகிறவர்கள் புதுத்துணியை அப்படியே வைத்துத் தைக்க மாட்டார்கள். தைத்தால் முதல் தோய்ப்பிலேயே புதுசு சுருங்கி, பக்கத்தில் இருக்கிற பழசையும் சேர்த்து இழுத்துக் கிழித்துவிடும். மூன்று தடவையாவது தோய்த்துக் காயவைத்து, புதுசின் விறைப்பை அடக்கிவிட்டுத்தான் ஒட்டுப் போட வேண்டும். இந்த வீட்டுக்கும் அதுதான் வைத்தியம் என்று அவள் முடிவு செய்தாள். கணவரிடம் சொல்லவில்லை. தனக்காக அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயம்.

பழைய சாமான்காரர் ஒரு விசித்திரமான மனிதர். வருகிறவர் முகத்தில் எந்தப் பதில் எழுதியிருக்கிறதோ அதையே படித்துச் சொல்லிவிடுவார். கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுச் சாமான் இருக்கிறதா என்று தையல்காரி கேட்டாள். இருக்கிறது என்று ஒட்டுமொத்தமாகக் கடையையே கையால் காட்டினார். கண்ணாடி பதித்த ஒற்றைக் கதவு பீரோ ஒன்று நின்றது. இது அந்த வீட்டுச் சாமானா என்று கேட்டாள். ஆமாம்மா என்றார். இழுப்பறை வைத்த ஒரு குட்டி மேஜையைத் தொட்டு, இதுவுமா என்றாள். அதுவும்தான் என்றார். பக்கத்தில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பற்றி அவள் கேட்கக்கூட இல்லை. வீட்டில் மாட்டியிருந்த ஒரே போட்டோவில் முதல் மனைவி பிரம்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அரை அங்குலம் அளவு தவறினால் இருட்டிலும் கண்டுபிடிக்கிறவள், அன்றைக்கு ஒரு கேள்வியைக்கூட இரண்டாம் முறை கேட்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

மூன்றும் வீட்டுக்கு வந்தன. பழசை எல்லாம் ஒரே மூலையில் சேர்த்தால் குடோன் மாதிரி ஆகிவிடும் என்று அவற்றைப் பிரித்து வைத்தாள். பீரோவை மகளுக்கான அறையில், புதுக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தினாள். உள்ளே துடைத்து, தட்டுகளில் காகிதம் விரித்து, காலியாக விட்டாள். பிரம்பு நாற்காலி கூடத்து ஜன்னலோரம் போனது. குட்டி மேஜை சோபாவின் பக்கத்தில் உட்கார்ந்து புது விளக்கைத் தாங்கிக்கொண்டது. பிளாஸ்டிக் உறையை உரித்து எறிந்துவிட்டு, மூன்று தடவை தோய்த்த பருத்தித் துணியில் சோபாவுக்கு உறை தைத்துப் போட்டாள். சோபாவின் பகட்டு அடங்கியது, நாற்காலியின் பழுப்பும் கண்ணை உறுத்தவில்லை.

சாயங்காலம் கண்ணாடிக்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வீடு நல்லா இருக்கு என்றார். கை கால் கழுவ உள்ளே போய்விட்டார். பழைய நினைவு வந்துவிட்டது போலும் என்று தையல்காரி நினைத்தாள், மேற்கொண்டு பேச்சை வளர்க்கவில்லை. அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. மரியாதைதான் தேவைக்கு அதிகமாக இருந்தது.

மகள் வந்தாள். அத்தை அவளைப் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். ஒல்லியான பெண், அதிகம் பேசவில்லை. உள்ளே வந்ததும் பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். பீரோக் கதவின் விளிம்பை விரலால் மெல்லத் தடவினாள். சமையலறையிலிருந்து இதைப் பார்த்த தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண் செய்த காரியங்கள் தையல்காரியின் நம்பிக்கையை ஊதி ஊதிப் பெரிதாக்கின. காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் நாற்காலியின் பிரம்பைக் குறுக்கும் நெடுக்கும் துடைத்தாள். கீச்சிட்ட பீரோக் கீலுக்குத் தானே தேங்காயெண்ணெய் விட்டாள். குட்டி மேஜையில் தம்ளர் வைக்கும் முன் கீழே ஒரு துணியை மடித்துப் போட்டாள். பெற்றவள் நினைப்பு எங்கே போகும் என்று தையல்காரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்றுதான் அவளை அரித்தது. அந்தப் பெண் பீரோவில் ஒரு துணிகூட வைக்கவில்லை. கொண்டு வந்த பையிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்து உடுத்தினாள், தோய்த்து மடித்து அதிலேயே திரும்ப வைத்தாள். பீரோவில் வைத்துக்கொள்ளேன் கண்ணு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். பரவாயில்லை சித்தி என்று பதில் வந்தது. அந்தப் பரவாயில்லையைத் தையல்காரி இருபத்தாறு வருஷம் சொல்லியிருக்கிறாள். இருக்கப் போகிறவர்கள் சொல்கிற சொல் அல்ல அது. அம்மா பீரோவில் கை வைக்க மனசு வரவில்லை, திரும்பிப் போகத்தான் போகிறாள் என்று நினைத்து, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் அழுதாள்.

பதினாலாம் நாள் அத்தை வந்தார். கண்ணாடிக்காரரின் அக்கா, தபால் ஆபீசில் வேலை. பேச்சும் முத்திரை குத்துகிற மாதிரிதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து, உடம்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். நல்ல உறுதியாக இருக்கிறதே, உன் அண்ணன் வீட்டிலிருந்து கொண்டு வந்ததா என்று தையல்காரியைக் கேட்டார். தையல்காரிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. இத்தனை நாள் யாரும் கேட்காததை ஒருவராவது கேட்டாரே.

"என்ன அண்ணி, அடையாளம் தெரியலையா? இந்த வீட்டு நாற்காலிதான். அவங்க உக்காந்திருந்தது."

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து அதைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல ஏதும்மா பிரம்பு நாற்காலி? போட்டோவுல இருக்கறது ஸ்டூடியோக்காரன் நாற்காலி."

தையல்காரி அறைக் கதவைத் திறந்து காட்டினாள். பீரோவைப் பற்றிக் கேட்டாள். இங்கே இருந்தது இரும்பு பீரோ என்றார் அத்தை. குட்டி மேஜையைப் பற்றிக் கேட்கவே தேவைப்படவில்லை. செத்துப்போனவளுக்குப் பழசென்றாலே ஆகாது, ஒரு கீறல் விழுந்தாலே மாற்றச் சொல்லித் தம்பி உயிரை எடுப்பாள் என்று அத்தை சொல்லிக்கொண்டே போனார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்க்கிற மனிதரிடம், உங்களுக்குமா தெரியவில்லை என்று தையல்காரி கேட்டாள். அவர் தெரியும் என்றார். இந்த வீட்டுச் சாமான் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்ததாம். உன் பிறந்த வீட்டுச் சாமான் என்று நினைத்தேன், அதைப் போய் எதற்குக் கேட்பது, நீ ஆசையாகக் கொண்டு வந்ததாயிற்றே என்றார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. யார் வீட்டுக் கழிசலையோ கொண்டு வந்து, தாயில்லாத பெண்ணுக்கு முன்னால் தாயின் சாமான் என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். தையல்காரிக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவளிடம்தான் பேச வேண்டும் என்று பட்டது.

"உங்கம்மா சாமான்னு நினைச்சுதான் கண்ணு தேடித் தேடி வாங்கினேன். நீ வந்து பாக்கறப்போ இது வேற யார் வீடோன்னு உனக்குத் தோணக் கூடாதுன்னு. நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

அந்தப் பெண் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தையல்காரி இந்த இரண்டு வாரத்தில் அவளிடம் கேட்டதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள்.

"நான் உங்க சாமான்னு நினைச்சேன் சித்தி. நீங்க ஆசையா கொண்டு வந்ததுன்னு. அதான் துணிகூட வைக்கல. ஏதாவது கீறல் விழுந்துட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு பயமா இருந்துச்சு."

அப்படியென்றால் அந்த எண்ணெய், அந்தத் துடைப்பு, தம்ளருக்குக் கீழே மடித்த துணி எல்லாமே தனக்காக. தையல்காரி சோபாவில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் யாரும் அவள் பொருளை அப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்துக்கொள்ளப் பொருள்தான் ஏது?

"எனக்குன்னு ஒரு சாமானும் இருந்ததில்ல கண்ணு. அண்ணன் வீட்டுல நான் வச்சிருந்தது ஒரு பாய், ஒரு பெட்டி."

"எனக்கு அத்தை பீரோவுல ரெண்டாவது தட்டு," என்றாள் அந்தப் பெண். அத்தையின் பக்கம் திரும்பி, குறையாகச் சொல்லவில்லை என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

 அந்தத் தட்டை ஒழித்துக் கொடுப்பதற்காகத் தன் பட்டுப் புடவைகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியவர் அத்தை. நாலு வருஷமாக எடுத்துப் பார்க்கவுமில்லை. அது தையல்காரிக்குத் தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அதனால்தான் அந்த அவசரம்.

இவையெல்லாம் அப்படியென்றால் யாருடையவை என்று கண்ணாடிக்காரர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு வீட்டில் யாரோ உட்கார்ந்த நாற்காலி, யாரோ முகம் பார்த்த கண்ணாடி. அம்மா இருந்திருந்தால் எவன் வீட்டு மூட்டைப்பூச்சியோ என்று சொல்லித் தெருவில் தூக்கி வைத்திருப்பாள் என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்காரரும் சிரித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, செத்தவளைப் பற்றி ஒருவர் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே அது என்னவோ ஆறுதலாக இருந்தது. பழைய பீரோவைக் கண்டால் ஆகாத ஒரு பெண்ணை அவளால் இப்போது கொஞ்சம் கற்பனை செய்ய முடிந்தது.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி பஸ்ஸை விட்டால் ஆறுக்குத்தான் அடுத்தது, என்ன பாப்பா முடிவு செய்தாய் என்று கேட்டார். குரலில் வழக்கமான குத்து இல்லை. தையல்காரி தரையைப் பார்த்தாள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். வேண்டாத தெய்வமில்லை.

அந்தப் பெண் சமையலறைக்குள் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது, மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேஜையில் தட்டை வைத்து, தண்ணீர் ஊற்றினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க அத்தை. சாப்பிட்டுட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போங்க. புத்தகமெல்லாம் நான் ஞாயித்துக்கெழம அப்பாவோட வந்து எடுத்துக்கறேன். நீங்க புடவையெல்லாம் பீரோவுல எடுத்து வைங்க."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அழப் போகிறார் என்று தையல்காரிக்குத் தோன்றியது, ஆனால் அழவில்லை. அது தம்பியின் வீடு. அதன் ஒவ்வொரு குழாயும் அவருக்கு இருபது வருஷப் பழக்கம். இருந்தாலும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கை கழுவ எங்கே போகணும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.